கையகப்படுத்திய நாளின் கணக்கு

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியதாகச் செய்தி வந்ததும், கொடுத்த விலை அதிகமா குறைவா என்றுதான் பலரும் பேசத் தொடங்குகிறார்கள். அந்த விலை, வாங்கிய நிறுவனத்தையும் வாங்கப்பட்ட நிறுவனத்தையும் ஒரே குழுமமாகச் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கைக்குள் எப்படி நுழைகிறது, எங்கே தங்குகிறது, பிறகு எந்தெந்த ஆண்டுகளின் இலாபத்தை எப்படிக் கரைக்கிறது என்பதைப் பற்றிப் பேச்சு எழுவது அரிது. குழுமக் கணக்குகளைத் தயாரிப்பதே என் அன்றாட வேலை என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன்: கையகப்படுத்திய நாளன்று துணை நிறுவனத்தின், அதாவது வாங்கப்பட்ட நிறுவனத்தின், இருப்புநிலை எவ்வளவு கவனமாக எழுதப்பட்டதோ, அதற்குப் பின் வரும் எல்லா ஆண்டுகளின் ஒருங்கிணைந்த கணக்கும் அவ்வளவு தரமாகவே இருக்கும். அந்த வேலையை ஆண்டு முடிவுக்குத் தள்ளிப்போடும் வழக்கம்தான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

முதலில் எது அந்த நாள் என்பதே தீர்மானிக்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள், பணம் கைமாறிய நாள், ஒழுங்குமுறை அமைப்புகளின் ஒப்புதல் வந்த நாள், புதிய இயக்குநர்கள் பொறுப்பேற்ற நாள் ஆகியவை ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கட்டுப்பாடு எந்த நாளில் கைக்கு வந்ததோ அந்த நாளே கணக்குக்கு உரிய நாள். கட்டுப்பாடு என்றால் என்ன என்பதை 2011 மே மாதம் வெளியிடப்பட்டு 2013 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ் 10 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை மூன்று கூறுகளாகச் சொல்கிறது. முதலீடு பெற்ற நிறுவனத்தின் முக்கியச் செயல்பாடுகளை வழிநடத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். அதன் ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்ப மாறும் வருவாயில் பங்கு இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தைக் கொண்டு அந்த வருவாயைப் பாதிக்கும் திறனும் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் வாக்குரிமை இருந்தால் பொதுவாகக் கட்டுப்பாடு இருக்கும்தான். ஆனால் ஆண்டுத் திட்டத்தையும் வரவு செலவு மதிப்பீட்டையும் தடுக்கும் உரிமையைச் சிறுபான்மைப் பங்குதாரருக்கு ஒப்பந்தம் வழங்கியிருந்தால், அறுபது விழுக்காடு கையில் இருந்தும் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம். ஆகவே பங்குதாரர் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்காமல் ஒருங்கிணைப்பைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறுபது விழுக்காடு மட்டுமே வாங்கியிருக்கும்போது சொத்துகளையும் கடன்களையும் நூறு விழுக்காடும் ஏன் சேர்க்க வேண்டும் என்பது இத்துறைக்குப் புதியவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. வாங்கிய நிறுவனமான தாய் நிறுவனத்தின் உடைமை அறுபது விழுக்காடாக இருந்தாலும் அதன் கட்டுப்பாடு முழுமையானது. துணை நிறுவனத்தின் ஓர் இயந்திரத்தை ஓட்டுவதா, விற்பதா, அடமானம் வைப்பதா என்ற முடிவு அந்த இயந்திரத்தின் அறுபது விழுக்காட்டுக்கு மட்டும் எடுக்கப்படுவதில்லை. குழுமம் என்ற பொருளாதார அலகின் கையில் எவ்வளவு வளம் இருக்கிறது என்பதை முழுமையாகக் காட்டிவிட்டு, அதில் பிறருக்கு உரிய பங்கு எவ்வளவு என்பதை மூலதனப் பகுதியில் தனி வரியாகக் காட்டுவதே நேர்மையான முறை. ஒருங்கிணைந்த கணக்கு வெளியிடும் பழக்கம் புதியதும் அல்ல. அமெரிக்காவின் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 1902ஆம் ஆண்டுக்கான அறிக்கையிலேயே தன் துணை நிறுவனங்களைச் சேர்த்துக் கணக்குக் காட்டியது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1983இல் தன் ஏழாவது நெறியாணையின் வழியாக உறுப்பு நாடுகளில் இதைச் சட்டக் கடமையாக்கியது.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். தாய் நிறுவனம் 900 கோடி கொடுத்து ஒரு நிறுவனத்தின் 60 விழுக்காட்டை ஆண்டின் நடுவில், சரியாக ஆறு மாதம் முடிந்த நாளில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கப்பட்ட நிறுவனத்தின் ஏடுகளின்படி அதன் நிகரச் சொத்து, அதாவது சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்த மீதி, 800 கோடி. கையகப்படுத்தல்களுக்கான தரநிலையான ஐ.எஃப்.ஆர்.எஸ் 3 இந்த ஏட்டு மதிப்பை ஏற்பதில்லை. அடையாளம் காணக்கூடிய ஒவ்வொரு சொத்தையும் ஒவ்வொரு கடனையும் அந்த நாளின் நியாய மதிப்புக்கு, அதாவது அன்றைய சந்தையில் பெறக்கூடிய மதிப்புக்கு, மாற்றச் சொல்கிறது. நிலத்தின் மதிப்பு ஏட்டில் உள்ளதைவிட 150 கோடி கூடுதல். விற்பனைக்குத் தயாராக உள்ள சரக்கிருப்பின் நியாய மதிப்பு அடக்கவிலையைவிட 50 கோடி கூடுதல். நீண்டகால வாடிக்கையாளர் உறவுகள், அந்த நிறுவனத்தின் ஏட்டில் ஒரு காசுக்கும் பதிவாகாதவை, 200 கோடி பெறுமானமுள்ளவை என மதிப்பீட்டாளர் கணிக்கிறார். மொத்த உயர்வு 400 கோடி.

இங்கே பலர் ஒரு படியைத் தவறவிடுகிறார்கள். வாங்கப்பட்டவை பங்குகள் மட்டுமே என்பதால், வரிக்கணக்கில் அந்த நிறுவனத்தின் சொத்துகள் பெரும்பாலும் பழைய மதிப்பிலேயே தொடரும். கூடுதலாகக் காட்டிய 400 கோடிக்குப் பிற்காலத்தில் வரிக்கழிவு கிடைக்காது. ஆகவே 25 விழுக்காடு வரி வீதத்தில் 100 கோடி, பிற்காலத்தில் கட்ட வேண்டிவரும் வரிக்கான ஒத்திவைக்கப்பட்ட வரிக் கடனாக, அன்றே பதிவாக வேண்டும். 800 உடன் 400ஐக் கூட்டி 100ஐக் கழித்தால் அடையாளம் காணக்கூடிய நிகரச் சொத்து 1,100 கோடி. கொடுத்த விலையும் சிறுபான்மையரின் பங்கும் சேர்ந்து இந்த நிகரச் சொத்தை விஞ்சும் தொகையே நற்பெயர். அதன் தொடக்க மதிப்பின் மீது மட்டும் இப்படி வரிக் கடன் காட்டக் கூடாது என்ற விலக்கு இருக்கிறது. காட்டினால் நற்பெயர் உயரும், உயர்ந்த நற்பெயருக்கு மேலும் வரிக் கடன் காட்ட வேண்டிவரும் என்று அது ஒரு சுழலாகிவிடும்.

அடுத்தது சிறுபான்மைப் பங்குதாரர்களின் 40 விழுக்காடு. இதை அளக்கப் பன்னாட்டுத் தரநிலை இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. ஒவ்வொரு கையகப்படுத்தலுக்கும் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளலாம். நிகரச் சொத்தில் அவர்களின் விகிதப்படி அளந்தால் 1,100இல் 40 விழுக்காடு, அதாவது 440 கோடி. அப்போது நற்பெயர், 900 உடன் 440ஐக் கூட்டி 1,100ஐக் கழிக்கக் கிடைக்கும் 240 கோடி. நியாய மதிப்பில் அளந்தால், அந்த 40 விழுக்காட்டின் பெறுமானம் 540 கோடி என்று மதிப்பிடப்பட்டிருக்கட்டும்; நற்பெயர் 340 கோடியாகிறது. 900 கோடியை வைத்து விகிதம் போட்டால் 40 விழுக்காட்டுக்கு 600 வர வேண்டுமே என்று கேட்கலாம். கட்டுப்பாட்டைப் பெறுவதற்காகத் தாய் நிறுவனம் கொடுத்த கூடுதல் விலை சிறுபான்மையரின் பங்குகளுக்குப் பொருந்தாது என்பதால் அந்த எண் 600க்குக் கீழே இறங்குகிறது. அமெரிக்கக் கணக்கியல் தரநிலைகளில் இந்தத் தேர்வு கிடையாது. நியாய மதிப்பு ஒன்றே வழி. என்னைக் கேட்டால் நியாய மதிப்பு முறையே குழுமத்தின் முழுப் படத்தைத் தருகிறது என்பேன். சொத்துகளை எல்லாம் நூறு விழுக்காடு காட்டிவிட்டு நற்பெயரை மட்டும் தாய் நிறுவனத்தின் பங்குக்குக் காட்டுவதில் ஒரு பொருத்தக்குறைவு இருக்கிறது.

விலை என்ற சொல்லுக்குள் எவை அடங்கும் என்பதும் அதே நாளில் தீர்மானமாக வேண்டும். வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், ஆலோசகர் ஆகியோருக்குக் கொடுத்த கட்டணம் விலையில் சேராது, நேராக அந்த ஆண்டின் செலவாகும். இரண்டு ஆண்டுகளில் குறிப்பிட்ட இலாபத்தை எட்டினால் விற்றவருக்கு மேலும் ஒரு தொகை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்த வாக்குறுதியின் நியாய மதிப்பு கையகப்படுத்திய நாளின் விலையிலேயே சேரும். பிறகு இலக்கு எட்டப்பட்டு, பணமாகத் தர வேண்டிய அந்தக் கடன் பெருகினால், கூடிய தொகை இலாப நட்டக் கணக்குக்குத்தான் போகுமே தவிர நற்பெயருக்குப் போகாது. இந்த விதியின் விளைவு விசித்திரமானது. வாங்கிய தொழில் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தால் குழுமத்துக்கு ஒரு நட்டம் பதிவாகிறது. ஆயினும் தர்க்கப்படி அது சரியே. அந்த நாளில் தெரியாத ஒரு பிற்கால நிகழ்ச்சி அந்த நாளின் விலையை மாற்ற முடியாது.

அந்த நாளில் இருந்த உண்மைகளைப் பற்றிய தகவல் பின்னர் கிடைப்பது வேறு. அதற்காகவே அதிகபட்சம் ஓராண்டு அளவீட்டுக் காலம் தரப்பட்டுள்ளது. மதிப்பீட்டு அறிக்கை தாமதமானால் தற்காலிக எண்களோடு கணக்கை வெளியிட்டு, பின்னர் அந்த நாளிலிருந்தே திருத்தலாம். நிலுவையில் உள்ள ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். துணை நிறுவனத்தின் தனிக் கணக்கில், பணம் கொடுக்க வேண்டிவரும் வாய்ப்பு குறைவு என்று அது குறிப்பாக மட்டும் எழுதப்பட்டிருக்கும். ஒருங்கிணைப்பில், அது கடந்தகால நிகழ்ச்சியிலிருந்து எழுந்த நிகழ்காலக் கடப்பாடாக இருந்து நம்பகமாக மதிப்பிடவும் முடிந்தால், வாய்ப்பு குறைவாக இருந்தாலும் நியாய மதிப்பில் கடனாகவே ஏற வேண்டும். வாங்கியவர் பேரம் பேசும்போது அந்த அபாயத்துக்கும் சேர்த்துத்தானே விலையைக் குறைத்திருப்பார்.

இப்போது ஆண்டு முடிவுக்கு வருவோம். துணை நிறுவனத்தின் ஏடுகளின்படி பிற்பாதி ஆறு மாதங்களின் வரிக்குப் பிந்தைய இலாபம் 120 கோடி. முற்பாதி இலாபம் முழுவதும் பழைய உடைமையாளர்களின் காலத்தது. அது 800 கோடி நிகரச் சொத்துக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது, குழுமத்தின் இலாபத்தில் அதற்கு இடமில்லை. நியாய மதிப்புக்கு உயர்த்திய சரக்கு முழுவதும் இந்த ஆறு மாதங்களில் விற்றுவிட்டதால் 50 கோடி கூடுதல் அடக்கவிலையாகிறது. வாடிக்கையாளர் உறவுகளின் ஆயுள் 10 ஆண்டுகள் என்றால் அரையாண்டுக்கு 10 கோடி கழிய வேண்டும். இந்த 60 கோடிக்கு எதிராக ஒத்திவைக்கப்பட்ட வரிக் கடன் 15 கோடி குறைகிறது. ஆக 120 கோடி என்று துணை நிறுவனம் பெருமையோடு அறிவித்த இலாபம், ஒருங்கிணைந்த கணக்கில் 75 கோடியாக மட்டுமே தெரிகிறது. அதில் 45 கோடி தாய் நிறுவனத்துக்கு, 30 கோடி சிறுபான்மையருக்கு.

இந்த 45 கோடி இறக்கத்தைக் கண்டு துணை நிறுவனத்தின் மேலாளர்கள் மனம் வருந்துவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களின் உழைப்பில் குறை இல்லை. அந்தச் சரக்கில் புதைந்திருந்த இலாபத்தையும் அந்த வாடிக்கையாளர்களின் நம்பிக்கையையும் உருவாக்கியவர்கள் முந்தைய காலத்தவர்கள். அவற்றைத் தாய் நிறுவனம் விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. கொடுத்த விலையை மீண்டும் இலாபம் என்று காட்டிக்கொள்ள முடியாது. இந்த விளக்கத்தைக் கையகப்படுத்திய வாரத்திலேயே அவர்களோடு அமர்ந்து சொல்லிவிட்டால் ஆண்டு முடிவில் எழும் கசப்பு பெருமளவு தவிர்க்கப்படும். ஊக்கத்தொகை குழும இலாபத்தோடு கட்டப்பட்டிருக்கும் இடங்களில் இது மேலும் அவசியம்.

கணக்கியல் கொள்கைகளைச் சீராக்குவது பொறுமை வேண்டும் வேலை. துணை நிறுவனம் கட்டடங்களை மறுமதிப்பீடு செய்வதாகவும் தாய் நிறுவனம் அடக்கவிலையில் வைப்பதாகவும் இருந்தால், குழுமத்துக்கு ஒரே கொள்கைதான். ஆண்டு முடிவுத் தேதிகள் வேறுபட்டால், இடைவெளி மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. இடையில் நடந்த முக்கிய நிகழ்ச்சிகளுக்குச் சரிக்கட்டலும் வேண்டும்.

குழுமத்துக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலை நீக்குவதுதான் நேரத்தைத் தின்னும் பகுதி. எக்ஸெல் தாளில் ஒரு பத்தி தாய் நிறுவனத்துக்கு, ஒரு பத்தி துணை நிறுவனத்துக்கு, அடுத்தது நீக்கப் பதிவுகளுக்கு, கடைசிப் பத்தி மொத்தத்துக்கு. தாய் நிறுவனத்தின் ஏட்டில் துணை நிறுவனத்திடமிருந்து வர வேண்டியது 48 கோடி. துணை நிறுவனத்தின் ஏட்டில் தாய் நிறுவனத்துக்குத் தர வேண்டியது 45 கோடி. மூன்று கோடி எங்கே? தேடிப் பார்த்தால், ஆண்டின் கடைசி நாளில் தாய் நிறுவனம் அனுப்பிய சரக்கு இன்னும் வழியில் இருக்கும். அதை வழியிலுள்ள சரக்காகவும் தர வேண்டிய தொகையாகவும் ஏற்றிய பிறகுதான் இரண்டு பக்கமும் ஒத்து, நீக்கம் சுத்தமாக முடியும். வித்தியாசத்தை ஏதோ ஒரு நிலுவைக் கணக்கில் போட்டு மூடிவிடும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அந்த நிலுவைக் கணக்கு ஆண்டுதோறும் பெருகி, ஒரு நாள் யாராலும் விளக்க முடியாத தொகையாகி நிற்கும்.

தொகைகளை நீக்கினால் மட்டும் போதாது, அவற்றுக்குள் மறைந்த இலாபத்தையும் நீக்க வேண்டும். துணை நிறுவனம் 160 கோடி அடக்கமுள்ள பொருளைத் தாய் நிறுவனத்துக்கு 200 கோடிக்கு விற்று, அதில் கால் பங்கு ஆண்டு முடிவில் தாய் நிறுவனத்தின் கிடங்கிலேயே இருந்தால், சரக்கிருப்பில் 10 கோடி ஈட்டப்படாத இலாபம் ஒளிந்திருக்கிறது. குழுமத்துக்கு வெளியே ஒருவர் வாங்கும் வரை அது இலாபமே அல்ல. விற்றது துணை நிறுவனம் என்பதால் இந்தக் கழிவில் சிறுபான்மையரின் பங்கையும் குறைப்பது பொதுவான நடைமுறை. விற்றது தாய் நிறுவனமாக இருந்தால் முழுக் கழிவும் அதன் பங்கிலேயே போகும்.

இப்படி முடிந்த அறிக்கையை வாசிப்பவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். விற்பனை, இயக்க இலாபம், கடன் ஆகிய எல்லாமே நூறு விழுக்காடு. ஒரு பங்குக்கான வருவாயோ தாய் நிறுவனத்தின் உடைமையாளர்களுக்கு உரிய இலாபத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆகவே நிறுவனத்தின் சந்தை மதிப்பை ஒருங்கிணைந்த விற்பனையோடு நேராக ஒப்பிட்டால், பிறருக்கு உரிய 40 விழுக்காட்டையும் சேர்த்து மகிழ்ந்துவிடும் பிழை நேரும். குழுமத்தின் இருப்புநிலையில் தெரியும் ரொக்கமும் அப்படித்தான். துணை நிறுவனத்தின் பணத்தைத் தாய் நிறுவனம் பங்காதாயமாக எடுத்தால் ஒவ்வொரு நூறிலும் நாற்பது சிறுபான்மையருக்குப் போகும். முக்கியத்துவமுள்ள சிறுபான்மைப் பங்கு கொண்ட துணை நிறுவனங்களின் சுருக்க நிதித் தகவலை ஐ.எஃப்.ஆர்.எஸ் 12 கேட்பது இதற்காகவே. இந்தக் குறிப்பைத் தவறாமல் படிக்கும்படி எல்லா முதலீட்டாளர்களையும் கேட்டுக்கொள்வேன்.

பணப்பாய்வு அறிக்கையில் கவனிக்க வேண்டியது இன்னும் நுட்பமானது. கொடுத்தது 900 கோடி என்றாலும், அன்று துணை நிறுவனத்தின் கையில் 70 கோடி ரொக்கம் இருந்தால் முதலீட்டுப் பிரிவில் நிகரமாக 830 கோடிதான் வெளியேறியதாகக் காட்டப்படும். கடனாளிகளிடமிருந்து வர வேண்டிய தொகை கடந்த ஆண்டைவிட 300 கோடி உயர்ந்திருந்து, அதில் 260 கோடி கையகப்படுத்தலோடு சேர்ந்து வந்தது என்றால், இயக்கப் பணப்பாய்வைக் குறைக்க வேண்டியது 40 கோடி மட்டுமே. இரண்டு இருப்புநிலைகளின் வித்தியாசத்தை இயந்திரத்தனமாக எடுத்து எழுதினால் இயக்கப் பணப்பாய்வு முழுவதுமே பொய்யாகிவிடும். கையகப்படுத்திய நாளின் இருப்புநிலை கையில் இல்லாமல் இந்தப் பிரிப்பைச் செய்யவே முடியாது.

நற்பெயருக்குத் தேய்மானம் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மதிப்புக் குறைவுச் சோதனை உண்டு. ஒருமுறை குறைத்ததைப் பிறகு உயர்த்த முடியாது. விகித முறையைத் தேர்ந்த நிறுவனம் தன் 240 கோடியை அப்படியே சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது. தொழிலை நடத்தியோ விற்றோ பெறக்கூடிய தொகை, அதாவது மீட்கக்கூடிய மதிப்பு, நூறு விழுக்காட்டுக்குக் கணக்கிடப்படுவதால், நற்பெயரையும் 60 விழுக்காட்டிலிருந்து நூறாக்கி 400 கோடியாக ஒப்பிட வேண்டும். வரும் இழப்பில் தாய் நிறுவனத்தின் 60 விழுக்காட்டை மட்டும் ஏட்டில் பதிய வேண்டும்.

சில காலம் கழித்துத் தாய் நிறுவனம் சிறுபான்மையரிடமிருந்து மேலும் 10 விழுக்காட்டை வாங்கினால் என்ன ஆகும்? கட்டுப்பாடு ஏற்கெனவே இருப்பதால் இது புதிய கையகப்படுத்தல் ஆகாது. உடைமையாளர்களுக்கு இடையே நடக்கும் மூலதனப் பரிமாற்றம். நியாய மதிப்பு முறையில் தொடங்கிய சிறுபான்மையரின் 540 கோடி, முதல் ஆண்டின் 30 கோடி இலாபத்தோடு 570 கோடியாகியிருக்கும். அவர்களின் 40இல் 10 என்பது கால் பங்கு, 142.5 கோடி. அதற்கு 170 கோடி கொடுத்தால் மீதி 27.5 கோடி தாய் நிறுவனத்தின் காப்பு நிதியிலிருந்து குறையும். நற்பெயர் ஒரு காசும் கூடாது, சொத்துகள் மறுபடி மதிப்பிடப்படவும் மாட்டா. பணப்பாய்வு அறிக்கையில் இந்த 170 கோடி முதலீட்டுப் பிரிவில் வராது, நிதித்திரட்டல் பிரிவில்தான் வரும். அதே 10 விழுக்காட்டை, கட்டுப்பாடு கிடைப்பதற்கு முன்பே ஒரு சிறு முதலீடாகத் தாய் நிறுவனம் வைத்திருந்தால் விளைவு முற்றிலும் வேறு. கட்டுப்பாடு கைக்கு வந்த நாளில் அந்தப் பழைய பங்கு நியாய மதிப்புக்கு மாற்றப்படும். வித்தியாசம், முன்பு எந்தக் கணக்கு முறை பின்பற்றப்பட்டதோ அதற்கு ஏற்ப, இலாப நட்டக் கணக்கிலோ, அதற்கு வெளியே காட்டப்படும் பிற முழுமை வருமானத்திலோ பதிவாகும். அதன் நியாய மதிப்பு நற்பெயர்க் கணக்கில் விலையின் ஒரு பகுதியாகச் சேரும்.